முடிகிற வரை சொல்லாதே

நாங்கள் முதன்முதலாக ஃப்ரிட்ஜ் வாங்கியபோது அது பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தது. டெம்போவிலிருந்து இறக்கியவர்களில் ஒருவர், "இன்னாக்கா, உள்ள ஆளு எதுனா கீதா?" என்று கேட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "சீக்கிரம் உள்ள தூக்குங்கப்பா" என்றாள். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் அப்போது அநேகமாக எல்லோர் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் இருந்தது. எங்களுடையதைப் பார்த்து யாரும் பொறாமைப்பட வழியே இல்லை. அதை அம்மாவிடம் எடுத்துச் சொல்ல எனக்கும் அப்பாவுக்கும் தைரியம் இல்லை.

அம்மாவின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். முடிகிற வரை சொல்லாதே. மனை வாங்கினால் அஸ்திவாரம் போட்ட பிறகு சொல். பிள்ளை உண்டானால் ஐந்தாம் மாதம் சொல். முன்கூட்டியே வாயைத் திறந்தால் கண் பட்டு, வந்தது வந்த வழியே போய்விடும். "பொண்ணு நல்லா படிக்குதா?" என்று யாராவது கேட்டால், நான் வகுப்பிலேயே முதலாவதாக வந்த வருடமும், "ஏதோ போய்கினு வந்துகினு கீது" என்றுதான் பதில் சொன்னாள். பக்கத்தில் நின்று நான் பல்லைக் கடிப்பேன். மார்க் வாங்குவது என் வேலை, அதை ஒளித்துவைப்பது அவள் வேலை என்று நாங்கள் பிரித்துக்கொண்டது போல இருக்கும்.

அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிப்பது வேலை. அப்பாவுக்கு அதே எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. இருவரும் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்தில் பிறந்தவர்கள். இருவருடைய பெற்றோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். அந்த நிலமெல்லாம் இப்போது குடோன்களாகவும் மனைகளாகவும் கிடக்கிறது.

ஒருநாள் எரிச்சலில், "எதுக்கும்மா எல்லாத்தையும் மறைக்கிற?" என்று கேட்டே விட்டேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அவளுடைய அண்ணனுக்குத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர நேர்முகத்துக்கு அழைப்பு வந்ததாம். சந்தோஷம் தாங்காமல் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நேர்முகத்தன்று பொழுது விடிவதற்குள் நிலத்துக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. நெல் மூட்டை ஏற்ற வேண்டும், உடனே வா. போகாமல் இருக்க முடியாது. "வாயத் தொறக்காம இருந்திருந்தா, அவன் பாட்டுக்கும் எழுந்து போயிருப்பான்" என்றாள். அவள் கண் என்று சொன்னதற்குப் பின்னால் கையும் காலும் உள்ள ஒரு ஆள் இருந்தார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் அந்த ஆள் போன பிறகும் பயம் மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஃப்ரிட்ஜுக்குப் போர்வை போர்த்தும் அளவுக்கு.

குணத்தில் எங்களுக்கு நேர் எதிரான வீடு, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். புராட்டஸ்டண்ட் குடும்பம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் அவர் வீட்டு முன்னறையில் ஜெபக் கூட்டம் நடக்கும். ஆவடி, அம்பத்தூர், முத்தாபுதுப்பேட்டை என்று சுற்று வட்டாரத்திலிருந்து ஆட்கள் வந்து பாயில் உட்காருவார்கள். முதலில் பாட்டு. பிறகு விண்ணப்பம் என்று ஒரு பகுதி. ஒவ்வொருவராக எழுந்து தன் தேவை என்ன என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். மகனுக்கு விசா வர வேண்டும், மகளுக்கு வரன் அமைய வேண்டும், முழங்கால் வலி குறைய வேண்டும். ஒருவர் கேஸ் சிலிண்டர் சீக்கிரம் வர வேண்டும் என்றும் சொன்னார். அது கிடைத்துவிட்டால் அடுத்த வாரம் எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். கிடைக்காவிட்டால் அதையும் சொல்வார்கள்.

சுவர் மெல்லிசு. ஆன்ட்டி வீட்டின் ஒவ்வொரு திட்டமும், அது திட்டமாக இருக்கும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டுத் திட்டம் எதுவுமே அவருக்குத் தெரியாது. "எப்டிதான் இப்டி கொட்டறாங்களோ" என்று அம்மா மாவு பிசைந்துகொண்டே ஆச்சரியப்படுவாள். ஆனால் வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவாள்.

எனக்கு வடக்கு ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தபோது விஷயம் இப்படி இருந்தது. ஏரிச் சேற்றிலிருந்து குமிழ் குமிழாக வரும் வாயுவைத் தின்று வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி. நான் படித்த படிப்புக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு வந்துவிடாது. உதவித்தொகையோடு இடம். ஒரே நிபந்தனை, படிப்புக் காலம் தொடங்கும்போது அங்கே இருக்க வேண்டும். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. எங்கள் வீட்டில் யாரிடமும் கிடையாது.

அம்மாவிடம் சொன்னதும் என் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். கண்ணில் தண்ணீர். அடுத்த நிமிடமே, "யாரு கைலயும் சொல்லாத. ஏரோப்ளேன் ஏறினப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள். சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஒரு பதிலும் தயாரானது. பொண்ணு கம்ப்யூட்டர் கோர்ஸ் போகுது. நான் கம்ப்யூட்டர் கோர்ஸ் எதற்கும் போகவில்லை என்பது என் பெரியம்மாவின் பேரனுக்குக்கூடத் தெரியும்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். போலீஸ் விசாரணைக்கு ஆள் வரும் என்றார்கள். வந்தார். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்த ஒரு பகல் நேரம். நான் அப்போது நகருக்குள் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். உள்ளே போனைக் கொண்டுபோகக் கூடாது. போலீஸ்காரர் கூப்பிட்டபோது என் போன் லாக்கரில் கிடந்தது. மாலையில் தெரியாத எண்ணைப் பார்த்து, கிரெடிட் கார்டு விற்கிறவர்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். வீடு பூட்டியிருந்ததால் அவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். என் பெயரைச் சொல்லி, இந்தப் பெண் இங்கேதான் இருக்கிறாளா என்று ஆன்ட்டியைக் கேட்டிருக்கிறார்.

அன்று நடந்தது எதுவும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அதற்குப் பிறகு ஆன்ட்டி என்னைப் பார்த்த பார்வைதான். தெருவில் எதிரே வந்தால் நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்ப பாத்துக்கோமா. எதுனா கஷ்டம்னா ஆன்ட்டிகிட்ட சொல்லு, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்பார். ஒருநாள் கோழிக் குழம்பு வந்தது. இன்னொரு நாள் கேக் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் சுவருக்கு அந்தப் பக்கம், "பெயர் சொல்ல முடியாத ஒரு பிள்ளைக்காக" என்று ஒரு விண்ணப்பம் வாராவாரம் கேட்டது. பாவம், யார் பிள்ளையோ என்று நானும் பரிதாபப்பட்டேன். அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். "அந்தம்மா இன்னாத்துக்கு உன்னியே பாக்குது? எதுனா மோப்பம் புடிச்சிட்டாங்களா?" என்று கேட்டாள். கேக்கைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கேட்டாள்.

பாஸ்போர்ட் வரவில்லை. நாள் ஓடிக்கொண்டிருந்தது. விசாவுக்கும் நேரம் வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய் நின்றேன். விண்ணப்பதாரர் கொடுத்த முகவரியில் வசிக்கவில்லை என்று போலீஸ் அறிக்கை வந்திருப்பதாகச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து அந்த ஒரே வீட்டில்தான் இருக்கிறேன். அங்கிருந்து நேரே எங்கள் பகுதி ஸ்டேஷனுக்குப் போனேன். போலீஸ்காரர் நல்ல மனிதர். நிதானமாகவே சொன்னார். "நான் இன்னாம்மா பண்றது? பக்கத்து ஊட்டு அம்மாவ கேட்டேன். அந்தப் பொண்ணு இங்க இல்லீங்க சார், பெரியம்மா ஊருக்குப் போயி ரொம்ப நாளாவுது, எப்ப வரும்னு தெரியாதுன்னாங்க. அதத்தான் எழுதனேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியிருந்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். "சொன்னேன்ல? கண்ணு வெச்சா பாரு!" என்று கிளம்பியவளை அப்பாவால் தடுக்க முடியவில்லை. நானும் பின்னால் ஓடினேன். பக்கத்து வீட்டு முன்னறையில் ஜெபக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பாய் நிறைய ஆட்கள். பாட்டு பாதியில் நின்றது.

"இன்னாக்கா பண்ணி வெச்சிகீற?" என்றாள் அம்மா வாசலிலேயே நின்று. "எம் பொண்ணு இந்த ஊட்லயே இல்லன்னு போலீஸ்ல சொன்னியாமே? அவ உனக்கு இன்னா பாவம் பண்ணா?"

ஆன்ட்டி எழுந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு அவருக்கும் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"போலீஸ் வந்து வயசுப் பொண்ணோட பேரச் சொல்லிக் கேட்டா நான் இன்னான்னு நெனப்பேன்? ஏதோ காதல் விவகாரம், யாரோ புகார் குடுத்துகீறாங்கன்னு நெனச்சேன். ஊட்ல கீது, வந்து புடிச்சிகினு போன்னு சொல்லுவனா? பெத்த பொண்ணு மாதிரி நெனச்சு மறைச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சா வெக்கப்படுவீங்கன்னு உங்ககிட்ட கூட சொல்லல. எதுக்குப் போலீஸ் வந்துச்சுன்னு எனக்கு இன்னா தெரியும்? நீ சொன்னியா?"

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு அடி உள்ளே வந்தாள். ஆன்ட்டி நிறுத்தவில்லை.

"பாஸ்போர்ட்டுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தாள உக்கார வெச்சு காப்பி குடுத்து, இவ எல்கேஜி படிச்ச கதையிலர்ந்து சொல்லியிருப்பேனே. இத்தினி வருசமா ஒரே செவுரு. எங்க ஊட்டு விசயம் ஒண்ணு பாக்கி இல்லாம உனக்குத் தெரியும். உங்க ஊட்டு விசயம் ஒண்ணாச்சும் எனக்குத் தெரியுமா?"

எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. அதை இப்போது சொல்லிக்கொள்ளலாம். வாழ்நாள் முழுதும் எல்லாவற்றையும் சபையில் சொல்லியே பழகிய ஆன்ட்டி ஒரே ஒரு விஷயத்தை எங்களுக்காக மறைத்திருக்கிறார், அது இப்படி ஆகியிருக்கிறது. பெயர் சொல்ல முடியாத அந்தப் பிள்ளை நான்தான். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

யாரோ நகர்ந்து பாயில் இடம் விட்டார்கள். அம்மா உட்கார்ந்தாள். நெற்றியில் குங்குமத்தோடு, பைபிள்களுக்கு நடுவில், முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எம் பொண்ணுக்கு வெளிநாட்ல ஆராய்ச்சி பண்ண எடம் கெடச்சிகீது. பாஸ்போர்ட் இல்ல. போவ முடியாம பூடுமோன்னு பயமா கீது." என் படிப்பில் ஒரு நல்ல சேதியை அம்மா வெளியாள் ஒருவரிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எவ்வளவு பெருமையாகச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு அந்த அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆவடியில் அரசு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா, விண்ணப்பம் செத்துப்போகவில்லை, மறு விசாரணை கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்றார். முத்தாபுதுப்பேட்டை அக்கா ஒருவருக்கு அவருடைய தம்பி விஷயத்தில் இதேபோல நடந்திருக்கிறது. எந்தக் கவுண்டரில் நிற்க வேண்டும், எந்தெந்த நகல் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்று என் போனிலேயே தட்டெழுதிக் கொடுத்தார். இன்னொருவர் விசாவுக்கு என்ன கேட்பார்கள் என்றார். நான் இணையத்தில் ராத்திரி பகலாகத் தேடியும் பிடிபடாதது, ஒரு டீ ஆறுவதற்குள் என் கையில் இருந்தது. கடைசியில் அந்த ஐயா கண்ணை மூடி, பாஸ்போர்ட் அலுவலகத்தின் கோப்பு, அதைப் பார்க்கும் அதிகாரி, அவருடைய கணினி, கணினிக்கு மின்சாரம் என்று ஒன்று விடாமல் ஆண்டவரிடம் ஒப்படைத்தார். அம்மா கை கூப்பியபடி, ஒரு கண்ணை மட்டும் திறந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்து எனக்குச் சுற்றிப் போட்டாள். "அத்தினி பேரு கண்ணும் பட்டுகீது" என்றாள்.

மறுநாள் காலை ஆன்ட்டி நல்ல புடவை கட்டிக்கொண்டு, எங்களோடு ஸ்டேஷனுக்கு வந்தார். "சார், நான் பொய் சொல்லிட்டேன். நல்லதுக்குன்னு நெனச்சு சொன்னேன். இவ பொறந்ததிலர்ந்து எனக்குத் தெரியும்" என்று போலீஸ்காரரிடம் ஆரம்பித்தார். நிறுத்துவதற்குள் எனக்கு அம்மை போட்ட கதை வரைக்கும் வந்துவிட்டார். மறு விசாரணை நடந்தது. பாஸ்போர்ட் வந்தது, விசாவும் வந்தது. விமான நிலையத்துக்கு எங்களோடு வேனில் ஜெபக் கூட்டத்தில் பாதிப் பேர் வந்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்லது. வெளிப்படையாகப் பேசு, உதவி வரும், அறிவு வளரும் என்று நீதி சொல்லி முடித்திருக்கலாம். நானும் அங்கே போன புதிதில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆய்வுக்கூடத்தில் திங்கட்கிழமை தோறும் ஒரு கூட்டம். ஒவ்வொருவரும் போன வாரம் என்ன செய்தோம், எது வரவில்லை என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் வராததைத்தான் சொல்வார்கள். உலகம் அறிந்த பேராசிரியர், தான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டதாகப் பிஸ்கட் தின்றுகொண்டே சொன்னார். எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த பிரேசில் நாட்டுப் பெண், அந்த வாரம் வளர்த்த எல்லாமே கெட்டுப்போய்விட்டது என்று ஏதோ நல்ல சேதி மாதிரி சொன்னாள். என் முறை வரும்போது நான், "நடந்துகொண்டிருக்கிறது" என்பேன்.

நடக்கவில்லை. என் நுண்ணுயிர்கள் செத்துக்கொண்டே இருந்தன. வாயு அடைத்த குப்பியில் விட்டால் சில நாள் நன்றாக வளரும். பிறகு ஒரு காரணமும் இல்லாமல் அடங்கிவிடும். வெப்பநிலையை மாற்றினேன், உப்பை மாற்றினேன், திரும்ப ஆரம்பித்தேன். குளிர்காலம் முழுதும் அதிலேயே போயிற்று. முதல் வருட மதிப்பீடு நெருங்கிக்கொண்டிருந்தது. காட்ட ஒன்றும் இல்லை என்றால் உதவித்தொகை நின்றுவிடும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

நான் ஏன் கூட்டத்தில் வாயே திறப்பதில்லை என்று பிரேசில்காரி ஒருநாள் கேட்டாள். எங்கள் கலாச்சாரத்தில் ஒரு காரியம் முடிகிற வரை வெளியே சொல்ல மாட்டோம் என்றேன். அவள் மிகுந்த மரியாதையோடு தலையசைத்தாள். கலாச்சாரம் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டால் அங்கே யாரும் மேலே கேட்பதில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. ஃப்ரிட்ஜுக்குப் போர்வை போர்த்திய கதையையும் சொன்னேன். ரசித்துச் சிரித்தாள். என் பயத்துக்கு அம்மாவைக் காரணம் காட்டிவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன்.

அம்மாவிடம்தான் உடைந்துபோனேன். வீடியோவில் என் முகத்தைப் பார்த்து, "சாப்டியா இல்லியா?" என்று அவள் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். அவளிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் கூப்பிட்டபோது அம்மா காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வண்டிக்காரர் போனுக்குள் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, பூச்சி இன்னும் சாவுதா?" என்று கேட்டார். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அம்மா வெள்ளிக்கிழமை ஆன்ட்டி வீட்டுக்குப் போய், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று விண்ணப்பம் வைத்திருக்கிறாள். என் மகள் வளர்க்கும் பூச்சிகள் சாகாமல் இருக்க வேண்டும். கள்ளிக்குப்பம் முழுக்க என் தோல்வி தெரிந்திருந்தது. என்னோடு ஒரே அறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியாது.

"ஏம்மா சொன்ன?" என்று கத்தினேன். "முடியற வரைக்கும் எதையும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லித்தானே என்னை வளத்த?"

"நல்லத சொல்லாதன்னு சொன்னேன்" என்றாள் அம்மா. அவளுக்கும் கோபம். "கஷ்டத்த மறைக்கச் சொன்னனா? நீ ஆறாங்கிளாஸ்ல கணக்குல பெயிலானப்ப தெருவெல்லாம் சொல்லி அழுதேன். அதனாலதான் மூணாவது ஊட்டு அக்கா உன்னைக் கூப்ட்டு உக்கார வெச்சு சொல்லிக் குடுத்துச்சு. உங்கப்பாவுக்கு பட்டறைல கைல அடிபட்டப்ப நான் போட்ட கூச்சல்ல ஆறு ஆட்டோ வந்து நின்னுச்சு. நல்லது வந்தா மூடி வெச்சுக்கோ, அது யாரு வயித்தெரிச்சலும் படாம கெடக்கட்டும். கஷ்டத்த மூடி வெச்சா யாரு வந்துடி தூக்குவா? இத்த எங்க கத்துகின நீ?"

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். அவள் சொன்னது சரி. எங்கள் தெருவில் யாரும் கஷ்டத்தை மறைத்து நான் பார்த்ததில்லை. தோல்வியை மறைக்க நான் கற்றுக்கொண்டது படித்த இடத்தில். தப்பாகப் பதில் சொன்னவளைப் பெஞ்சின் மேல் நிற்க வைத்தார்கள். கல்லூரியில் சோதனையின் முடிவு புத்தகத்தில் இருப்பதுபோல வரவில்லை என்றால், சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளைத் திருத்தி எழுதிவிடுவோம். எல்லோருடைய வரைபடத்திலும் கோடு ஒரே மாதிரி நேராக ஓடும். எங்களுக்குக் கையெழுத்துப் போட்டவர்களும் அப்படியே எழுதிப் படித்தவர்கள்தான். அத்தனை வருடம் அறிவியல் படித்த நான், வராததை வரவில்லை என்று சொல்ல மட்டும் படிக்கவில்லை. இதற்குப் போய் என் அம்மாவின் பெயரைக் கெடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை என் முறை வந்தது. "எனக்கு வரவில்லை. குளிர்காலம் முழுக்க எல்லாமே செத்துப்போகின்றன. ஏனென்று தெரியவில்லை" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பிரேசில்காரி கேட்டாள், "குப்பிக்கு எந்த மூடி போடுகிறாய்? கறுப்பா, சாம்பல் நிறமா?" கறுப்பு என்றேன். "ஐயோ" என்றாள். அந்தக் கறுப்பு ரப்பர் மூடியிலிருந்து ஏதோ கசிந்து இந்த வகை நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகிறதாம். இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுடையவையும் அப்படியே செத்தனவாம். நான் சேருவதற்கு முன்னால் ஒரு திங்கட்கிழமையில் அதைச் சொல்லி, எல்லோரும் மூடியை மாற்றிவிட்டார்கள். பழைய பெட்டி ஒன்று அலமாரியின் அடியில் மீந்து கிடந்தது. நான் யாரையும் கேட்காமல் அதை எடுத்துப் புழங்கியிருக்கிறேன்.

மூடியை மாற்றினேன். அவை பிழைத்தன. மதிப்பீட்டில், அந்தக் குளிர்காலத்தில் வராததையும் சேர்த்தே காட்டினேன். தொடரச் சொன்னார்கள். அந்த ஆராய்ச்சியை முடித்துப் பட்டமும் வாங்கினேன். ஆனால் என் படிப்பு எப்போது முடிந்தது என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தத் திங்கட்கிழமை மாலைதான் நினைவுக்கு வருகிறது. அன்று அம்மாவைக் கூப்பிட்டேன். ஓவர்டைம் முடித்துக் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிட்டேன்மா" என்றேன்.

"இன்னா சொன்னாங்க?"

"அவங்களுக்கும் அப்படித்தான் ஆச்சாம். மூடியை மாத்தச் சொன்னாங்க."

அம்மா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள். "இதுக்காடி இத்தினி மாசம் தனியா கெடந்து அழுத?"